வயிற்றுப் பூச்சியோடு குடித்தனம்: கேட்கத் தயங்கும் கேள்விகளும் விடைகளும்

வயிற்றில் பூச்சி இருப்பதைச் சொல்லிச் சிரிக்கும் வீடுகள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. சிரித்து முடித்ததும் பேச்சை மாற்றிவிடுவதும் அதே வீடுகள்தான். பட்டியில் இருக்கும் வெள்ளாட்டுக்கு அடுத்த குடற்புழு மருந்து எந்தத் தேதியில் என்று காலண்டரில் குறித்து வைக்கும் பண்ணையக்காரர்கள், பேரனுக்குக் கடைசியாக எப்போது கொடுத்தோம் என்று கேட்டால் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறார்கள். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், கேட்க வந்து கேட்காமலே திரும்பியவர்களின் முகத்தில் தெரிந்த கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். மாத்திரை வயிற்றுக்குள் இருக்கும் புழுவை வெளியேற்றும். மண்ணில் கிடக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள விடைகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

வயிற்றுப் பூச்சி என்று சொல்வதெல்லாம் ஒரே பூச்சிதானா?

இல்லை. நாக்குப்பூச்சி என்று வீடுகளில் சொல்லப்படும் உருளைப்புழு சிறுகுடலில் வாழ்வது. வளர்ந்த பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும், ஒரே நாளில் 2 லட்சம் முட்டைகள் வரை இடும். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். சாட்டைப்புழு பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு இருக்கும். கீரிப்பூச்சி என்கிற நூல்புழு, குழந்தை தூங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் சின்னஞ்சிறு வெள்ளைப் புழு. நாடாப்புழு இவற்றில் குறைவாகக் காணப்படுவது, ஆனால் மீட்டர் கணக்கில் வளர்வது. ஒவ்வொன்றும் உள்ளே வரும் வழி வேறு, செய்யும் கெடுதி வேறு. அதனால்தான் "பூச்சி இருக்குதுங்க" என்று யாராவது சொன்னால், எந்தப் பூச்சி என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அது உள்ளே எப்படிப் போகிறது?

உருளைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வரும்போது யாரையும் தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களாவது கிடந்து, உள்ளே குஞ்சு உருவான பிறகுதான் அதற்குத் தொற்றும் திறன் வருகிறது. அந்த மண் விரல் நகத்திலோ, சரியாகக் கழுவாத கொத்தமல்லித் தழையிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போனால், குஞ்சு சிறுகுடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, ஈரல் வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கே சில நாட்கள் வளர்ந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, மீண்டும் சிறுகுடலுக்கே வந்து சேரும். வாய்க்குள் போன முட்டை, முட்டையிடும் புழுவாக ஆவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நடுவில் குழந்தைக்கு வறட்டு இருமல் வந்தால் பூச்சியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. புழு நுரையீரலைக் கடக்கும் நாட்களிலும் அப்படி ஓர் இருமல் வரக்கூடும்.

கொக்கிப்புழுவுக்கு வாய் தேவையே இல்லை. அதன் முட்டை மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, குஞ்சு ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்தை அடையும். வெறுங்காலோடு அந்த மண்ணை மிதிப்பவரின் விரலிடுக்கு வழியாகவோ பாதத்தின் ஓரம் வழியாகவோ நுழைந்துவிடும். நுழைந்த இடத்தில் அரிப்போடு கூடிய சிறு சிவந்த பொரிகள் தோன்றிச் சில நாட்களில் அடங்கிவிடும். மழைக்காலத்தில் இதைச் சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு தடவி மறந்துவிடுகிறார்கள், புழுவோ அதற்குள் குடல் வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

கொங்கு நாடு முழுவதும் இந்த ஆபத்து ஒரே அளவில் இருக்கிறதா?

மண்ணைப் பார்த்தால் விடை தெரியும். கொக்கிப்புழுக் குஞ்சு வெயிலிலும் வறட்சியிலும் தங்காது; ஈரம், நிழல், இளகிய மண் மூன்றும் சேர்ந்தால் வாரக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் வயல்கள், ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் காடுகள், பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகள், வால்பாறைத் தேயிலைச் சரிவுகள் ஆகியவை அதற்கு வாய்ப்பான இடங்கள். காங்கேயம், தாராபுரத்துக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கோடை வெயிலில் காயும் செம்மண்ணில் அது பிழைப்பது கடினம். ஆனால் உருளைப்புழுவின் முட்டை தடித்த ஓட்டுக்குள் இருப்பதால், புதைந்து கிடக்கும் ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வறண்ட ஊர்க்காரர்களும் அந்த ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்.

மஞ்சளுக்குக் களை எடுக்கும் பெண்கள் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குகிறார்கள். விளையும் மண்ணைச் செருப்புக் காலோடு மிதிப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது, அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். சேற்றில் செருப்பு வழுக்கவும் செய்யும். பாதத்தை மூடும் ரப்பர் காலணிகள் உரக்கடைகளில் கிடைக்கின்றன. வேலைக்கு ஆள் கூப்பிடும் தோட்டத்துக்காரர் கூலியோடு அதையும் ஒரு செலவாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பையன் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறவில்லை. சாப்பாட்டை எல்லாம் பூச்சி தின்றுவிடுகிறதா?

"தின்னறதெல்லாம் பூச்சிக்குத்தானுங்க போகுது" என்று அமுச்சிமார் (பாட்டிமார்) சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. உருளைப்புழு குடலில் செரித்த உணவைப் பங்கு போட்டுக்கொள்ளும், நிறைய இருந்தால் கொழுப்பும் வைட்டமின் ஏ-யும் உடம்பில் சேருவதைக் குறைக்கும், பசியையும் மந்தமாக்கும். ஒன்றிரண்டு புழு மட்டும் இருந்தால் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது.

பெரிய இழப்பு கொக்கிப்புழுவால் வருவது. தென்னாட்டில் அதிகம் காணப்படும் வகையில் ஒவ்வொரு புழுவும் நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். 100 புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90 மில்லிலிட்டர் ஆகிறது. நல்ல இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், நாளொன்றுக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை அந்த வழியில் போகலாம். ஒரு பெண் நாள் முழுவதும் சாப்பிடும் உணவிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதவிடாயில் ஏற்கெனவே இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இதையும் ஈடுகட்ட வழி எங்கே? வெளுத்த கண்ணிமை, படி ஏறினால் மூச்சு வாங்குதல், பச்சரிசி, சாம்பல், மண் இவற்றைத் தின்ன வேண்டும் என்ற ஆசை ஆகியவை இரத்தசோகையின் அறிகுறிகள். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் வீட்டார் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க அழைத்துப் போகட்டும்.

அதே நேரத்தில், உடம்பு தேறாத குழந்தைக்கெல்லாம் பூச்சிதான் காரணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. எடை தொடர்ந்து குறைந்தால் காசநோய் உட்பட மற்றவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், முகத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, மிட்டாய் அதிகம் தின்கிறான். பூச்சிதானே?

பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பு உறுதி செய்யப்படவில்லை. முகத்தில் வரும் வெளிறிய திட்டுகள் பெரும்பாலும் தோல் வறட்சியாலும் இலேசான ஒவ்வாமையாலும் வருபவை. இனிப்பு தின்பதால் புழு உண்டாகாது. முட்டை வாய்க்குள் போனால்தான் உண்டாகும். மிட்டாயை மண் கையால் பிரித்துத் தின்றிருந்தால் குற்றம் கையினுடையது.

நாங்கள் சைவம். எங்களுக்கும் வருமா?

வரும். உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, நூல்புழு ஆகிய நான்குக்கும் கறியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வெள்ளாட்டுக் கறியிலிருந்தும் கோழிக் கறியிலிருந்தும் மனிதக் குடலின் நாடாப்புழு வருவதில்லை. கறியால் வருவது பெரும்பாலும் சரியாக வேகாத பன்றிக் கறியிலிருந்தும் மாட்டுக் கறியிலிருந்தும்தான்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பன்றி நாடாப்புழு வயிற்றில் இருக்கும் ஒருவர் கை கழுவாமல் சமைத்தாலோ, அவருடைய மலம் காய்கறித் தோட்டத்தில் கலந்தாலோ, அந்தப் புழுவின் முட்டை இன்னொருவரின் வாய்க்குள் போகும். பிறந்ததிலிருந்து கறியே தொடாதவராக அவர் இருக்கலாம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு இரத்தத்தோடு மூளைக்குப் போய்க் கட்டியாகத் தங்கினால் வலிப்பு வரும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்கான முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. கையில் இரும்பைத் திணிப்பதும் மந்திரிப்பதும் நேரத்தை வீணாக்கும், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும், மருந்தும் உண்டு.

இரவில் குழந்தை ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறது. என்ன செய்வது?

இது நூல்புழுவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஆசனவாயின் மடிப்புகளில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் துண்டு போல நெளிவது கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால், காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை அந்த இடத்தில் ஒற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி ஆய்வகத்தில் கொடுக்கலாம். சாதாரண மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் தப்பிவிடும்.

இதன் முட்டை மண்ணுக்குப் போகத் தேவையில்லை. சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சொறிந்த நகம், போர்வை, தலையணை, கதவுப் பிடி எல்லாவற்றிலும் ஒட்டி இரண்டு மூன்று வாரம் வரை இருக்கும். ஆகவே ஒரு குழந்தைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அப்பாரு, ஆத்தா (தாத்தா, பாட்டி) உட்பட வீட்டில் இருக்கும் எல்லோரும் மருத்துவரின் ஆலோசனைப்படி ஒரே நாளில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை போட வேண்டும். அன்றைக்கே படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தி, நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்ட வேண்டும். விரிப்பை உதறினால் முட்டை பறக்கும், சுருட்டித்தான் எடுக்க வேண்டும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள், விடுமுறைக்கு வந்த பிள்ளையிடம் இதைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். பிள்ளை தானாகச் சொல்லாது.

மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து, அதற்கு மேல் துண்டைப் போர்த்திக் கொண்டுவந்து, பெயரைக் கூடத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆய்வகத்தில் இருப்பவருக்கு அது அன்றைய வேலை, அவ்வளவுதான். ஒரு தேக்கரண்டி அளவு, சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல், உலர்ந்த மூடியுள்ள டப்பாவில், இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். ஒரு சொட்டு உப்பு நீரில் கலக்கி நுண்ணோக்கியில் வைத்தால், உருளைப்புழுவின் முட்டை பொன் பழுப்பு நிறத்தில், சுற்றிலும் கரடுமுரடான உறையோடு தெரியும். கொக்கிப்புழுவின் முட்டை நிறமே இல்லாமல், மெல்லிய ஓட்டுக்குள் சில உயிரணுக்களோடு இருக்கும். சாட்டைப்புழுவின் முட்டைக்கு இரண்டு முனையிலும் அடைப்பு இருக்கும். ஒரு நாள் மாதிரியில் தெரியாதது வேறொரு நாள் மாதிரியில் தெரியலாம் என்பதால், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கேட்டாலும் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை நல்லதா? உள்ளே என்ன செய்கிறது?

அது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ஆம் ஆண்டில் தொடங்கியது முதல், ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும், பெரும்பாலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை மாத்திரை, அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இரண்டு முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு முழு மாத்திரையையும் அதேபோல் பொடித்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மென்று தின்ன வேண்டும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, தருகிறார்கள்.

இந்த மருந்து புழுவின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் உருவாவதைத் தடுத்துவிடுகிறது. அதனால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் புழு பட்டினியில் சாகிறது. குழந்தையின் குடலில் மருந்து குறைவாகவே உறிஞ்சப்படுவதால் பக்க விளைவு குறைவு. புழு நிறைய உள்ள குழந்தைக்கு அன்று வயிற்று வலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு அன்று கொடுக்காமல், விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்கலாம். சாட்டைப்புழுவுக்கு மட்டும் ஒரு வேளை மாத்திரை போதாமல் மூன்று நாட்கள் தேவைப்படும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை போட்டால் புழு வாய் வழியாக வருமா?

அரிதாக நடக்கும். உருளைப்புழு காய்ச்சலின்போதோ வேறு தொந்தரவினாலோ மேலே ஏறி வாயிலோ மூக்கிலோ வெளிப்பட்டதுண்டு. பார்ப்பவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காத காட்சி அது, குழந்தையின் உயிருக்கு அதனாலேயே ஆபத்து இல்லை. பெரும்பாலும் மலத்தோடு வெளியே வரும். பாதி வெளியே தொங்கினால் முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது, தானாக வர விட வேண்டும். குழந்தையைச் சுற்றி நின்று அருவருப்புக் காட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். "போச்சு கண்ணு, இனி வயிறு வலிக்காது" என்று சொன்னால் போதும்.

வேப்பங்கொழுந்து, குப்பைமேனி, விளக்கெண்ணெய் போதாதா? கீரையை மஞ்சள் தண்ணீரில் அலசினால் முட்டை சாகாதா?

முன்பு மாத்திரை இல்லாத காலத்தில் பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் பேதிக்குக் கொடுத்தார்கள், அதில் சில புழுக்கள் வெளியேறியும் இருக்கும். ஆனால் சின்னக் குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்துக் கழியவிட்டால் உடம்பின் நீர் வற்றும், கடித்துப் பிடித்திருக்கும் கொக்கிப்புழு அதனால் விடாது. வேப்பங்கொழுந்தைச் சாப்பிடும் வழக்கம் இருந்தால் மாத்திரைக்கு மாற்றாக எண்ண வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது, வலிப்பும் உயிராபத்தும் நேர்ந்திருக்கின்றன.

ஈரோட்டு மஞ்சளின் மேல் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் உருளைப்புழு முட்டையின் ஓட்டைக் குளோரினே எளிதில் துளைப்பதில்லை, மஞ்சளும் உப்பும் என்ன செய்யும்? தழையைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவினால் முட்டை உதிரும். கொதிக்க வைத்தால் சாகும்.

ஆட்டுக்கு வாங்கிய மருந்து மீதி இருக்கிறது, கொடுக்கலாமா?

கூடாது. அடர்த்தியும் அளவும் ஆட்டின் எடைக்கு ஏற்றவை. மனிதருக்கானது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தப் பாட்டிலைத் தொடத் தேவையில்லை.

வயிற்றில் புழு இருந்தால் ஒவ்வாமை வராது, அதனால் நல்லது என்று படித்தேனே?

அந்த ஆராய்ச்சி உண்மையானது. பெரிய குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவாக இருப்பதை டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1989-இல் எடுத்துக்காட்டினார். சிறு வயதில் தொற்றுகளோடு பழகினால் ஒவ்வாமை குறையுமோ என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது, புழுவுக்கும் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தச் சோதனைகளில் எத்தனை முட்டை, யாருக்கு, எத்தனை நாள் என்பதெல்லாம் மருத்துவர்களின் கண்காணிப்பில் நடந்தவை. மஞ்சள் காட்டில் வெறுங்காலோடு நிற்கும் பெண்ணின் குடலில் எத்தனை கொக்கிப்புழு ஏறுகிறது என்பதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அவருக்கு இரத்தம் வேண்டும்.

மாத்திரை போட்டும் சில மாதங்களில் திரும்ப வந்துவிடுகிறதே?

புழு போனது, மண் அப்படியே இருக்கிறது. கழிப்பறை கட்டியிருந்தும் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும்போது காட்டுப் பக்கம் ஒதுங்குவது, குழந்தையின் மலத்தை அள்ளிக் குப்பைமேட்டில் போடுவது ஆகிய இரண்டும் நின்றால் பாதி வேலை முடிந்தது. குழந்தையின் மலத்தில் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் தவறானது, புழு அதிகம் இருப்பதே குழந்தைகளிடம்தான்.

இரட்டைக் குழிக் கழிப்பறை வைத்திருப்பவர்கள், நிறைந்த குழியை மூடி இரண்டு ஆண்டுகள் விட்ட பிறகு எடுத்தால் எரு பாதுகாப்பாக இருக்கும். செப்டிக் டேங்க் லாரி உறிஞ்சி வருவதை அப்படியே தென்னைக்கும் காய்கறிக்கும் விட்டுக்கொள்ளும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை தருகிறது. உரம் மிச்சம் என்று நினைத்து ஊரில் உள்ள எல்லோருடைய புழு முட்டையையும் நம் வயலுக்குள் இறக்கிக்கொள்கிறோம். அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று லாரிக்காரரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும், தோட்டத்துக்குள் விடவே கூடாது.

வீட்டு நாயிடமிருந்து வருமா?

நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு மனிதத் தோலுக்குள் நுழைந்தால் குடலுக்குப் போக வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே சுற்றும். பாதத்திலோ பிட்டத்திலோ நாளுக்கு நாள் நீளும் வளைந்த சிவப்புக் கோடு அதன் அடையாளம். வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலில் நாயும் பூனையும் மலம் கழிக்கும், பிள்ளைகள் அதிலேதான் விளையாடும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.

கிடாவெட்டின்போது நீர்க்கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவதை விட வேண்டும். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்ந்து, அதன் முட்டை மனிதர் வாய்க்குள் போனால், ஆண்டுகள் கழித்து நம் ஈரலிலேயே அதே நீர்க்கட்டி வளரும். ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள் போடலாமா?

முதல் மூன்று மாதத்தில் கூடாது. அதற்குப் பிறகு தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் பூச்சி மாத்திரையோ பேதி மருந்தோ கொடுக்கக் கூடாது. வலது விலாவுக்குக் கீழே கடும் வலியும் கண் மஞ்சளாவதும் சேர்ந்து வந்தால் புழு பித்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கக்கூடும். மலம் கழிக்கும்போது குழந்தையின் குடல் வெளியே பிதுங்கினாலும், முதன்முறையாக வலிப்பு வந்தாலும், படுக்கையிலிருந்து எழ முடியாத அளவுக்கு வெளுத்துப்போனாலும் இரவு நேரம் என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். கடைசியாகப் பூச்சி மாத்திரை கொடுத்த தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெளியே வந்த புழுவைத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால் அவருக்கு அது பெரிய உதவி.